பானட்டுக்கு அடியில் தண்ணீர்

காரின் மேல்பாகத்தைத் தினமும் துடைப்பவர்கள்கூட பானட்டைத் திறந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் அழுக்கு வெறும் தூசி அல்ல. வால்வ் கவர் கேஸ்கட்டின் ஓரத்தில் கசிந்த எண்ணெய், ஆயில் மாற்றும்போது சிந்தியது, அதன்மேல் சாலையிலிருந்து ஏறிவந்த மணல்துகள், தேய்ந்த பெல்ட்டின் ரப்பர்ப் பொடி, வேப்பஞ்சருகு, கடலோர ஊர் என்றால் உப்பு என எல்லாம் சேர்ந்து சூட்டில் வெந்து இறுகிய பூச்சு அது. இதை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. இன்ஜினில் தண்ணீர் பட்டால் போச்சு, தொடவே கூடாது என்பது ஒன்று. வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டு, டீசல் தெளித்து, பிரஷர் கன்னால் மேலிருந்து கீழ்வரை அடித்துப் பளபளவென்று எடுத்துவருவது இன்னொன்று. இரண்டு கட்சியும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன: தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்று நினைத்துவிடுகின்றன. மெல்லத் தெளிக்கும் தண்ணீரும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும், ஆறிய உலோகத்தில் படும் தண்ணீரும் சூடான உலோகத்தில் படும் தண்ணீரும், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் தண்ணீரும் ஒயரிங் கப்ளருக்குள் ஒரு வாரம் குடியிருக்கும் தண்ணீரும் இயற்பியலின் கணக்கில் வேறுவேறு. வேகம், சூடு, தங்கல் ஆகிய மூன்றையும் விலக்கிவிட்டால் இன்ஜின் அறையை வீட்டு வாசலிலேயே இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் கழுவிவிடலாம் என்பதே இந்த அத்தியாயம் சொல்லவருவது.

முதலில், கழுவத்தான் வேண்டுமா? இத்தனை வருடம் கழுவாமல் ஓடிய வண்டிக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. சுத்தமான இன்ஜின் நன்றாகக் குளிரும், மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. இன்ஜினின் கழிவு வெப்பத்தில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும்தான் வெளியேறுகிறது. வெளிப்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் அழுக்கு இருப்பதால் மைலேஜ் குறைவதும் இல்லை, எடுத்தால் கூடுவதும் இல்லை. உண்மையான பயன்கள் வேறு. புதிதாகத் தொடங்கும் ஆயில் கசிவு, கூலண்ட் கசிவு, வெடிப்பு விடும் ஹோஸ் இவையெல்லாம் கறுத்த பூச்சின்மேல் கண்ணுக்குத் தெரியாது. சுத்தமான பரப்பில் முதல் சொட்டே காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெயில் ஊறிய சருகும் எலி கொண்டுவந்து அடைத்த பஞ்சும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் கிடப்பது தீக்குத் தயாராக வைத்த விறகு. முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகள் இலைகளால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, ஏசி ஊதுகுழல் வழியாகக் காருக்குள்ளேயே இறங்கும். இவற்றுக்காக ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கழுவினால் போதும். மாதாமாதம் கழுவுவதில் லாபமில்லை, ஆபத்துதான் கூடுகிறது.

வேகத்திலிருந்து தொடங்கலாம். “மழையில் ஓடுகிற வண்டிதானே, தண்ணீர் பட்டால் என்ன?” என்பது வாட்டர் சர்வீஸ் கட்சியின் வலுவான கேள்வி. பெரிய மழைத்துளி ஒன்று, ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ளது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காற்றின் தடையால் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தைத் தாண்டாது. வீட்டுக்கென்று விற்கும் சாதாரண பிரஷர் வாஷர் 100 பார் அழுத்தம் தருவது. அந்த அழுத்தம் முழுதும் வேகமாக மாறினால் நாசில் வாயில் தண்ணீரின் வேகம் நொடிக்கு சுமார் 140 மீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர். ஒரே எடையுள்ள தண்ணீர் சுமக்கும் ஆற்றல் மழைத்துளியைவிட ஏறத்தாழ 250 மடங்கு. தள்ளி நின்று அடித்தால் தாரை சிதறி வேகம் குறையும் என்பது சரிதான். ஆனால் பிடிவாதமான கறையைக் கண்டதும் யாரும் தள்ளி நிற்பதில்லை, கை தானாகவே நாசிலைக் கிட்டே கொண்டுபோகிறது. தவிர, மழை இன்ஜின்மேல் நேராக விழுவதே இல்லை. பானட் மேலிருந்து மறைக்கிறது, அடித்தட்டு கீழிருந்து மறைக்கிறது. உள்ளே வருவது சக்கரம் தெறிக்கும் சாரல்தான்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. இன்றைய கார்களின் கப்ளர்கள் நீர்புகாதவை, ஐபி67 தரச்சான்று பெற்றவை என்பார்கள். அந்த எண்கள் உண்மையில் என்ன சோதிக்கின்றன என்று பார்த்தால் விஷயம் தெளியும். ஐபி67-இல் உள்ள 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிடம் அமிழ்த்தினால் கெடுதல் செய்யுமளவு நீர் உள்ளே போகவில்லை என்பதற்கான சான்று. ஒரு மீட்டர் நீரின் அழுத்தம் 0.1 பார். பிரஷர் வாஷரின் 100 பார் அதைப்போல் ஆயிரம் மடங்கு. தாரைக்கென்று தனியாக வேறொரு சோதனை இருக்கிறது. சாலை வாகனங்களுக்கான ஐஎஸ்ஓ 20653 தரத்தில் 9கே என்று குறிக்கப்படுவது. அதில் 80 டிகிரி சூடுள்ள தண்ணீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நான்கு கோணங்களில் பாய்ச்சுகிறார்கள். அமிழ்த்தலில் தேறியது தாரையில் தேறும் என்றோ, தாரையில் தேறியது அமிழ்த்தலில் தேறும் என்றோ எந்தத் தரமும் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனிப் பரீட்சை. அதோடு, பரீட்சை எழுதியது புதிய பாகம். பத்து வருடம் இன்ஜின் சூட்டில் கிடந்த ரப்பர் சீல் அழுந்திய வடிவத்திலேயே இறுகிப்போயிருக்கும். ஒயரிங்கைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் சீலைத் திரும்பப் பொருத்த மறந்திருப்பார். வெளியிலிருந்து பார்த்து எந்தக் கப்ளர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அடுத்தது சூடு. சூடான இன்ஜினில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் என்பது பரவலான எச்சரிக்கை. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் மேற்பரப்பு மட்டும் திடீரென்று 200 டிகிரி குளிர்ந்து, சுருங்க முடியாமல் அடியில் உள்ள உலோகத்தால் இழுத்துப் பிடிக்கப்பட்டால், அதில் எழும் இழுவிசை 200 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். சாதாரண வார்ப்பிரும்பு தாங்கக்கூடிய இழுவிசையும் கிட்டத்தட்ட அதே அளவில்தான். ஆகவே விரிசல் விழ வாய்ப்புண்டு. ஆனால் நன்றாகக் காய்ந்த உலோகத்தில் படும் துளி தனக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு நீராவிப் படலத்தை எழுப்பிக்கொண்டு உருண்டோடிவிடுவதால், சாரல் பட்ட மாத்திரத்தில் மேற்பரப்பு அவ்வளவு குளிர்ந்துவிடுவதில்லை. மழையில் பள்ளத்தில் இறங்கும் கார்கள் எல்லாம் மேனிஃபோல்டு பிளந்து நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டுவதுதான் ஆபத்து.

சூட்டின் பெரிய கேடு வேறிடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சூடான சோறு போட்டு இறுக மூடிய டிபன் பாக்ஸ் ஆறிய பிறகு மூடியைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து அழுத்தம் குறைவதே காரணம். இன்ஜின் அறையில் உள்ள ஒவ்வொரு மூடிய பெட்டியும், கணினிப் பெட்டியானாலும் சென்சாரானாலும் விரல்நுனி அளவுக் கப்ளரானாலும், இதே வேலையைச் செய்கிறது. ஓடி நின்ற வண்டியில் ஒரு பெட்டியின் காற்று 80 டிகிரியில் இருக்கிறது, அதன்மேல் 30 டிகிரி தண்ணீரை ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 353 என்பது 303 ஆகிறது. அழுத்தம் 14 சதவீதம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் அந்தப் பதினான்கு சதவீத வித்தியாசத்தோடு தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அது ஏறத்தாழ 1.4 மீட்டர் ஆழ நீரின் அழுத்தம். ஐபி67 சோதித்த ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டோம், இத்தனைக்கும் பிரஷர் கன்னைத் தொடக்கூட இல்லை. வெறும் கார்டன் ஹோஸ்தான். பெட்டி பெரியதா சிறியதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. வாகனத் துறைக்கு இது தெரியும். அதனால்தான் பெரிய மின்னணுப் பெட்டிகளில் காற்று மட்டும் போய்வர, தண்ணீர் புகாத ஒரு சிறு சவ்வுத் துளை வைக்கிறார்கள். 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்த, இழுத்து நீட்டிய டெஃப்ளான்தான் பெரும்பாலும் அந்தச் சவ்வு. ஆனால் சின்னக் கப்ளர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆறவிட்டுக் கழுவு என்ற பழைய அறிவுரைக்கு மேனிஃபோல்டு வெடிப்பதைவிட இதுவே வலுவான காரணம்.

ஆறவிடாமல் கழுவுபவர்கள் பெரும்பாலும் டீசலையோ மண்ணெண்ணெயையோ நம்புகிறவர்கள். எண்ணெயை எண்ணெய் கரைக்கும் என்ற வேதியியல் அவர்கள் பக்கம்தான். கறுத்த பூச்சு டீசலில் உடனே இளகும். ஆனால் இந்தியத் தரப்படி இவ்விரண்டின் ஆவியும் தீப்பற்றக்கூடிய வெப்பநிலைக்குக் குறைந்தபட்ச வரம்பு 35 டிகிரிதான். வாங்கும் டீசல் அதைவிட நன்றாகவே மேலே இருக்கலாம். ஆனாலும் சித்திரை வெயிலில் வாசலில் நிற்கும் காரின் இன்ஜின் அறை அந்த எண்ணைச் சாதாரணமாகத் தாண்டும். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதற்கு உறைபனிக்கும் கீழே நாற்பது டிகிரியே போதும். தீ ஒன்று மட்டுமே கேடு என்றால் கவனமாக இருந்து தப்பிக்கலாம். ரேடியேட்டர் ஹோஸ்களுக்குப் பயன்படும் ஈபிடிஎம் ரப்பர் தண்ணீரையும் கூலண்ட்டையும் வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெயில் உப்பி மென்மையாகிவிடும். கழுவிய அன்று ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து நெடுஞ்சாலையில் ஹோஸ் பிளந்தால், டீசல் வாஷ் யாருக்கும் நினைவுக்கு வராது.

அப்படியானால் எதைக்கொண்டு கழுவுவது? 1959-இல் ஹென்கெல் நிறுவனத்தின் ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதிப் பொறியாளர், சுத்தம் செய்தல் எதுவானாலும் அது நான்கு காரணிகளின் கூட்டு என்றார்: வேதிப்பொருள், தேய்ப்பு, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்யலாம், ஆனால் மொத்தம் குறையக்கூடாது. துணி துவைப்பதற்காக அவர் இந்த நான்கையும் பங்கிட்டு வரைந்த வட்டம் இன்ஜின் அறைக்குக் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. வாட்டர் சர்வீஸ் கடையில் நேரம் காசு. ஒரு வண்டிக்கு இருபது நிமிடம் என்றால் விசையையும் வேதியையும் ஏற்றத்தான் வேண்டும். வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. விசையையும் சூட்டையும் அடியோடு இறக்கிவிட்டு, மென்மையான ஒரு திரவத்துக்குப் பத்து நிமிடம் ஊற நேரம் கொடுத்தாலே மொத்தக் கணக்கு சரியாகிவிடும். வீட்டில் கழுவுவது கடையில் கழுவுவதைவிடப் பாதுகாப்பானது என்று துணிந்து சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

மென்மையான என்ற சொல்லுக்கு அளவு உண்டு. இன்ஜினில் அலுமினியம் ஏராளம். அதைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு தோல். பிஎச் 4-க்கும் 9-க்கும் இடையில் அந்தத் தோல் நிலையாக இருக்கும். காரம் அதைத் தாண்டினால் கரைந்து, அடியில் உள்ள உலோகம் ஹைட்ரஜன் குமிழிகளை விட்டபடி அரிக்கப்படும். பிறகு என்ன தேய்த்தாலும் போகாத வெளிறிய கறை மிஞ்சும். சமையலறைச் சிம்னிக்கும் ஓவனுக்கும் விற்கும் திரவங்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு எங்கிருந்தாலும் ஒன்றுதானே என்று அதை இன்ஜினுக்கு எடுத்துவருவது நம் வீடுகளில் எளிதாக நடக்கக்கூடிய தவறு. புட்டியின் மேல் ஒன்றும் எழுதவில்லை என்றால், ஈர மஞ்சள் தடவிய துணியில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம், சிவந்தால் காரம். எவ்வளவு காரம் என்று மஞ்சள் சொல்லாது, ஆகவே சிவந்ததை அலுமினியத்தில் ஊறவைக்காமல் இருப்பதே நல்லது. கார் ஷாம்புவோ, அலுமினியத்துக்குத் தீங்கில்லை என்று குறிப்பிட்டு விற்கும் நீர்வழி டிகிரீசரோ போதும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்வதால் எண்ணெய் சிறு உருண்டைகளாகக் கழன்றுவரும். ஓர் அளவுக்கு மேல் சோப்பைக் கூட்டினால் தண்ணீரின் பரப்பு இழுவிசை மேற்கொண்டு குறைவதில்லை. டிகிரீசரைப் புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் கலக்கிறவர், கழுவவேண்டிய நுரையைத்தான் கூட்டிக்கொள்கிறார்.

இதே சோப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. சுத்தமான தண்ணீர் பிளாஸ்டிக்கிலும் சிலிக்கோன் ரப்பரிலும் முத்துமுத்தாக நிற்கும். மெல்லிய இடுக்கைக் கண்டால் உள்ளே போகத் தயங்கும். கப்ளரைக் காப்பதில் சீலுக்கு இருக்கும் பங்கில் ஒரு பகுதி தண்ணீரின் இந்தத் தயக்கத்துக்கும் உண்டு. சோப்பு அந்தத் தயக்கத்தைப் போக்கிவிடுகிறது. அழுக்கின் அடியில் நுழைவதற்காகச் சேர்த்தது, சீலின் ஓரத்திலும் நுழைகிறது. நாம் முன்பு பார்த்த டெஃப்ளான் சவ்வின் தடுப்பும் சோப்புநீருக்கு முன்னால் பலவீனமாகிறது. எனவே சோப்புநீரை எங்கும் தெளித்துவிட்டுக் கப்ளர்களை மட்டும் கடைசியில் துடைத்துக்கொள்ளலாம் என்பது தலைகீழான வரிசை. கப்ளர்களையும் ஃபியூஸ் பாக்ஸையும் முதலிலேயே மூடிவிட்டு, அவற்றின்மேல் உள்ள அழுக்கைக் கடைசியில் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மூன்றாவதான தங்கலே மூன்றிலும் மோசமானது, மெதுவாக வேலை செய்வதால். காப்பர் ஒயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நுண்குழாய்போல வேலை செய்யும். ஆரம் 0.1 மில்லிமீட்டர் உள்ள குழாயில் தண்ணீர் தானாகவே 15 சென்டிமீட்டர்வரை ஏறும். உறை உரிந்த ஓரிடத்தில் பட்ட ஈரம், அரை அடி தள்ளியிருக்கும் இணைப்பில் போய்ப் பச்சை பூப்பது இப்படித்தான். மின்சாரமும் சேர்ந்தால் பச்சை பூப்பது இன்னும் விரைவாகும். தண்ணீரை மின்னாற்பகுக்கக் குறைந்தபட்சம் 1.23 வோல்ட் போதும், நம் பேட்டரியில் 12-க்கு மேல் இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டாலும் சில ஒயர்களில் மின்னழுத்தம் எப்போதும் நிற்கும். அருகருகே இருக்கும் இரண்டு பின்களை ஓர் ஈரப்படலம் இணைத்தால், நேர்முனைச் செம்பு அயனிகளாகக் கரைந்து வெளியேறத் தொடங்குகிறது. வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகும். ஆறு மாதம் கழித்து எச்சரிக்கை விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரியும்.

இதில் தண்ணீரின் உப்புக்குப் பெரிய பங்கு. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த திடப்பொருளை ஏற்கிறது. வேறு நீர் இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம்போலக் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்ட இடங்களில் போர் தண்ணீரைக் கையில் எடுத்தாலே கரிக்கும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் உலர்ந்தால் ஒரு கிராம் உப்பு பின்தங்குகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் திரும்பத் திரும்ப நனையும், ஆகவே அந்த ஒரு கிராம் கழுவலோடு முடிவதில்லை. ஆர்ஓ கருவி வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்துவைத்து வண்டி கழுவும் சிக்கனம் நல்ல குணம்தான், இன்ஜின் அறைக்கு மட்டும் வேண்டாம். உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு கூடுதல். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பயன்படுத்தலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது என்பதால் அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு.

இனி செய்முறை, காரணங்கள் முன்பே வந்துவிட்டதால் சுருக்கமாகவே. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இந்த வேலையைத் தொடாமல், வெயில் வரப்போகும் ஒரு காலையில், இரவு முழுதும் நின்ற வண்டியில் தொடங்குவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றப்போனால் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சில கார்களில் கடிகாரம், ஜன்னல் அமைப்புகள் போன்றவை அழிந்துபோகும் என்பதால் கையேட்டை ஒருமுறை புரட்டிக்கொள்ளலாம். டெர்மினலில் வெள்ளையோ நீலமோ பூத்திருந்தால் வெந்நீரில் கரைத்த சமையல் சோடா அதை நுரைத்துக் கரைத்துவிடும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இக்னிஷன் காயில்கள், ஏர் ஃபில்டரின் வாய் இவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்ட வேண்டும். ஆல்டர்னேட்டர் குளிர்வதற்காகவே திறந்து கட்டப்பட்டது. அதற்குள் பிரஷும் டயோடும் வெளிப்படையாக இருக்கின்றன. ஏர் ஃபில்டர் பக்கம் இன்னும் கடுமையான கணக்கு ஒன்று உண்டு. 1200 சிசி, நான்கு சிலிண்டர், சுருக்க விகிதம் 11:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் வெறும் 30 மில்லிலிட்டர். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் அந்த இடத்தை நிரப்பிவிடும். தண்ணீர் சுருங்காது, வளைவது கனெக்டிங் ராடுதான். ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தளர்ந்த தூசியையும் சருகையும் முதலில் உலர்ந்த நிலையிலேயே பிரஷாலும் வேக்குவம் கிளீனராலும் எடுத்துவிட வேண்டும். ஈரமாக்கிய பிறகு எடுப்பதைவிட இதில் பாதி வேலை மிச்சம்.

திட்டாக உள்ள எண்ணெயைப் பழைய துணியால் வழித்தெடுத்த பிறகுதான் டிகிரீசர். கைத்தெளிப்பானால் ஒரு பகுதியை மட்டும் நனைத்து, பத்து நிமிடம் ஊறவைத்து, காய விடாமல் மென்மயிர் பிரஷால் தேய்த்து, தெளிப்பானிலேயே தண்ணீர் எடுத்து அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். ஒரு பிரஷர் வாஷர் அரை நிமிடத்தில் கொட்டும் தண்ணீர்தான் இந்த முழு வேலைக்கும். பிறகு ஸ்பார்க் பிளக் குழிகளைப் பார்க்க வேண்டும். அங்கே தேங்கும் தண்ணீருக்கு வடிய வழியில்லை. கம்ப்யூட்டர் தூசி ஊதும் சிறிய ப்ளோயர் குழிகளையும் இடுக்குகளையும் காயவைத்துவிடும். அவசரப்பட்டு இன்ஜினை ஓட்டி அந்தச் சூட்டில் காயவைப்பது டிபன் பாக்ஸ் கணக்கை மறப்பதாகும்: சூடேறும்போது பெட்டிகள் காற்றை வெளியே விடும், நிறுத்தி ஆறும்போது சுற்றியிருக்கும் ஈரத்தை உள்ளே இழுக்கும். வெளிப்புறம் முழுக்க உலர்ந்து, கட்டிய பைகளை ஒன்றுவிடாமல் எடுத்து, பேட்டரி டெர்மினலைத் திரும்ப மாட்டிய பிறகு, பானட்டைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் மிச்சமிருக்கும் ஆவியும் போய்விடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே பிரஷரில் அடிக்கிறார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஒன்றும் ஆகாமல் வாசலைத் தாண்டிப் போகும் வண்டிகள்தான் அங்கே கண்ணில் படுகின்றன. செம்பு கரைந்து ஆறு மாதம் கழித்து வரும் கோளாறு வேறொரு பில்லில் வேறொரு பெயரோடு பதிவாகிறது. அங்குள்ள கைதேர்ந்த ஆள் எங்கே அடிக்கக்கூடாது என்று பழக்கத்தில் அறிந்திருப்பார் என்பதையும் மறுக்கவில்லை. அந்தப் பழக்கத்தைக் கருவியோடு சேர்த்து வீட்டுக்கு வாங்கிவர முடியாது என்பதே என் தயக்கம். நீராவியால் கழுவினால் ஈரமே இருக்காது என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. நீராவி வாயு என்பதால் தண்ணீர் போகாத இடுக்குக்கும் போகும். குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் ஒரு கிராம் ஆவி ஒரு கிராம் தண்ணீராகவே திரும்பும்.

கழுவிய பின் பளபளப்புக்காக அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரேயும் தேவையற்றது. பெல்ட்டில் பட்டால் வழுக்கும். அதன் ஆவி ரிலேயின் தீப்பொறியில் எரிந்து, மின்சாரம் கடத்தாத சிலிக்காவாகத் தொடுமுனைகளில் படியும். சைலன்சர் வழியில் உள்ள ஆக்சிஜன் சென்சாருக்கும் சிலிக்கோன் நஞ்சு. மின்சாரக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி பொருந்தாது. ஆரஞ்சு நிறக் கேபிள் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட, உயிர்கொல்லும் மின்னழுத்தத்தின் அடையாளம். பன்னிரண்டு வோல்ட் டெர்மினலைக் கழற்றினால் மட்டும் அதை நம்பித் தொட முடியாது. அங்கே உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது பாக்கி. லண்டனில் கிளாப்பம் பகுதிக் குளம் ஒன்றில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டபோது அது அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி அலைகளை அடக்கியதாக 1774-இல் வெளியான அவருடைய கட்டுரை சொல்கிறது. ஐந்து மில்லிலிட்டரை இரண்டாயிரம் சதுர மீட்டரால் வகுத்தால் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு மூலக்கூறின் நீளம். பிராங்க்ளின் பயன்படுத்தியது சமையல் எண்ணெய் வகை. இன்ஜின் ஆயில் அவ்வளவு மெல்லியதாக விரியாது என்றாலும், டிகிரீசரில் குழைந்து தெருவின் மழைநீர் வடிகாலில் இறங்கினால் அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம் எதையும் பார்க்காமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோதான் போய்ச் சேரும். திட்டு எண்ணெயை முதலில் துணியால் வழித்தெடுக்கச் சொன்னதன் மற்றொரு காரணம் இது; மொத்த எண்ணெயில் பெரும்பகுதி அந்தத் துணியிலேயே நின்றுவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பிடிக்கும் என்ற அச்சம் ஆளிவிதை எண்ணெய்போலக் காற்றில் இறுகும் எண்ணெய்களுக்கு உரியது, இன்ஜின் ஆயிலுக்கு இல்லை. துணியைப் பையில் கட்டி, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். வண்டிக்கு அடியில் ஒரு தார்ப்பாயை விரித்து ஓரங்களை உயர்த்திவைத்தால், இரண்டு மூன்று லிட்டர் அதிலேயே தேங்கும்; மரத்தூளையோ மணலையோ கொட்டி உறிஞ்சி அள்ளிவிடலாம்.